வெறும் வயிற்றில் பாவைத் தொடாதே

ஆரணி
4.9.1998

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் அப்பா உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு செய்யாருக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன வாரம் உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. மாமா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பெல்லாம் பட்டுத் தூசியோட வந்து நிக்கறீங்களே மாப்பிள்ளை, எம்பொண்ணு உயிரோட இருக்கறது புடிக்கலையா?" என்று கேட்டார். குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

போன் செய்தாலும் அவர்தான் எடுக்கிறார். அதனால்தான் நீ மறுபடி வேலைக்குப் போகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முகவரிக்கு எழுதுகிறேன். உன் சிநேகிதி வனிதா உன்னிடம் சேர்த்துவிடுவாள் என்று நம்புகிறேன்.

முகத்து வீக்கம் வடிந்ததா? குரல் திரும்பிவிட்டதா? அன்றைக்கு உன் குரல் கரகரத்து, அப்புறம் காற்று மட்டும் வந்ததே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தெருவில் வேறு பேச்சே இல்லை. தையில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பாவு விரிக்கிற நாளில் மட்டும் உடம்புக்கு வருகிறதாம். உண்மைதானே. தறிக்கான நெடுக்குப் பட்டிழையைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை நீங்களெல்லாம் ஓடி ஓடி முடிந்தீர்கள். முதல் தடவை உனக்குக் கையும் கழுத்தும் தடித்தன. அம்மா அதைக் காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்து, கம்பளியால் தேய்த்துவிட்டாள். அடுத்த தடவை உதடு வீங்கியது. கம்பவுண்டர் ஊசி போட்டதும் அடங்கியது. மூன்றாவது தடவை நடுத்தெருவில், விரித்த பாவின் மேலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்காது. இது கடுமையான அலர்ஜி, அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம், எதனால் என்று கண்டுபிடியுங்கள் என்றார்.

நாங்கள் அங்கேயே நின்ற நிலையில் கண்டுபிடித்துவிட்டோம். பாவு விரித்தால் வருகிறது, பாவு என்றால் பட்டு, அப்படியானால் பட்டுதான். மாமா சொன்னார். என் அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஆனால் எனக்கு ஒன்று உதைக்கிறது ஜெயா. தினமும் உட்கார்ந்து எனக்குக் குறுக்கிழைப் பட்டைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்தாயே, அதே பட்டு உன் விரல் நடுவில்தானே ஓடியது? அப்போது ஒரு தும்மல்கூட வரவில்லையே. கேட்டால் தார்ப் பட்டு வேறு, கஞ்சி போட்ட பாவுப் பட்டு வேறு என்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தறி தெரியும், வைத்தியம் தெரியாது.

திட்டியாவது ஒரு பதில் எழுது.

குமரேசன்


செய்யார்
11.9.1998

என்னங்க,

புருஷன் பெயரை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே ஆரம்பிக்கிறேன்.

வனிதா உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் அழுவேன் என்று அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உங்கள் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அழுகை வற்றிவிட்டது. இங்கே டைப்பிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வீக்கம் வடிந்துவிட்டது. குரல் வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. முதலில் உள்ளங்கை அரித்தது. காது மடல் கொதித்தது. வயிற்றை முறுக்கியது. அப்புறம் தொண்டைக்குள் துணியைத் திணித்த மாதிரி ஆகிவிட்டது. சாகப் போகிறோம் என்று தெரிந்தது. யாரும் சொல்லாமலே உடம்புக்கே தெரிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தவர் அவர். "பட்டு இல்லாத வூடா இருந்தா அனுப்பறேன், இல்லன்னா எம்பொண்ணு என்னோட இருக்கட்டும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பட்டு இல்லாத வீட்டுக்கு நான் எங்கே போவேன்? நீங்கள் பட்டைத் தவிர வேறு எதைத் தொட்டிருக்கிறீர்கள்?

எனக்கு நினைவு திரும்பியதும் அந்த டாக்டர் சாப்பாட்டையும்தான் கேட்டார். அன்று காலை என்ன சாப்பிட்டாய் என்றார். அத்தை செய்த கோதுமை ரவை உப்புமா என்றேன். கோதுமையா என்று நிமிர்ந்து பார்த்தார். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, பல வருஷமாக இரவில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சப்பாத்திதான், எனக்கு ஒன்றும் வந்ததில்லை என்றேன். அப்படியானால் கோதுமை இல்லை என்று விட்டுவிட்டார். மிச்சம் இருப்பது பட்டு மட்டும்தான்.

இன்னொன்று. எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். நான் விழும்போது கண் திறந்துதான் இருந்தது. நீங்கள் பாவின் முனையில் கம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கம்பை விடவில்லை. நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். செத்திருந்தால் அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஜெயப்ரியா


ஆரணி
17.9.1998

ஜெயா,

உன் கடிதத்தைத் தறிக்குழியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன் மேல் கோபம் வந்தது. எழுந்து ஏரிக்கரை வரை நடந்து திரும்பிய பிறகு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆமாம், பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கம்பை இழுத்துப் பிடித்திருப்பவன் கையை விட்டால் தெரு முழுக்க இழை சுருண்டு சிக்காகிவிடும். வானமே விழுந்தாலும் கம்பை விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கை இது. கைக்கு மூளை ஏது? கூடப் பாவு பிடிக்கிற தனகோடி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உன்னிடம் வரலாம் என்று அவரைத் தேடினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்ததை உனக்கு யாருமே சொல்லவில்லையா? நான் கம்பைப் போட்டுவிட்டேன் ஜெயா. சுற்றிக்கொண்டு வர நேரமில்லாமல் பாவை மிதித்துக்கொண்டே ஓடி வந்தேன். பாவை மிதிக்கிற நெசவாளியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். உன்னைத் தூக்கியபோது உன் கொலுசில் இழை சுற்றிக்கொண்டது. அதைப் பல்லால் கடித்து அறுத்தேன். அந்தப் பாவு மொத்தமும் போயிற்று. சிக்கெடுக்க வழியில்லாமல் வெட்டி மூலையில் போட்டிருக்கிறோம். அம்மா அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் என்றால் நீங்கள் எல்லாரும் ஒரு மாதிரி நினைக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

பட்டு இல்லாத வீடுதானே வேண்டும்? வெம்பாக்கத்தில் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் ரைஸ் மில் வைத்திருக்கிறார் அல்லவா? அங்கே மேற்பார்வைக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. போய்க் கேட்கப் போகிறேன். தறி இல்லாமல் நான் இருப்பேன். நீ இல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

குமரேசன்


செய்யார்
24.9.1998

என்னங்க,

இந்தக் கடிதத்துக்கு அழுதேன். வனிதா திரும்பி உட்காரவில்லை, அவளும் சேர்ந்து அழுதாள். கொலுசில் ஒரு நூல் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை நாள் அது எப்படி வந்தது என்று தெரியாமலே வைத்திருந்தேன்.

ரைஸ் மில்லுக்குப் போகாதீர்கள். உங்களுக்குத் தவிட்டுத் தூசி ஆகாது, தும்மியே சாவீர்கள். அப்புறம் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று, எம்பையன் உயிரோடு இருப்பது பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் தறியைப் பிடுங்கிவிட்டு உங்களோடு குடும்பம் நடத்தினால், ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்து நான் பயந்துகொண்டே இருப்பேன்.

ஒரு யோசனை. வெட்டிப் போட்ட அந்தப் பாவில் ஒரு பிடி எனக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வனிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் கட்டிப் பார்க்கிறேன். வந்தால் வந்தது. வராவிட்டால் பட்டு இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

ஜெயப்ரியா


ஆரணி
30.9.1998

ஜெயா,

அனுப்ப மாட்டேன். உனக்கு மூளை கீளை இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு எதிரில் உட்கார்ந்து சாவதற்கு நான் பார்சல் அனுப்ப வேண்டுமா? கொலுசில் இருக்கிற நூலையும் இப்போதே கழற்றிப் போடு.

வெம்பாக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஐப்பசி முதல் தேதி சேரச் சொல்லிவிட்டார்கள். தறியில் ஏறியிருக்கிற புடவையை முடித்து இறக்கினால் அதோடு சரி. மாம்பழ நிறம், பச்சைக் கரை. நன்றாக வந்துகொண்டிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்டியா" என்று மட்டும் சொன்னாள். பிறகு சோறு போட்டாள். நான் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

குமரேசன்


செய்யார்
9.10.1998

என்னங்க,

கையில் டிரிப்ஸ் ஏற்றிய இடம் வலிக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். உங்களுடையதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

பயப்படாமல் படியுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்துவிட்டது.

நீங்கள் ரைஸ் மில்லில் சேருவதற்கு முன்னால் உங்களை நேரில் பார்த்துத் தடுத்துவிட வேண்டும் என்று, வீட்டில் சொல்லாமல் ஆரணிக்குக் கிளம்பினேன். பட்டுப் புடவைகூடக் கட்டவில்லை. நைலக்ஸ்தான் கட்டினேன். உங்கள் வீட்டுக்குள்ளும் வருவதாக இல்லை. பஸ் ஸ்டாண்டிலேயே நின்று சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். முந்தின இரவு மீந்த சப்பாத்தி இரண்டை விழுங்கிவிட்டு இன்ஸ்டிடியூட் போகிற மாதிரி புறப்பட்டேன். வனிதா பையை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தெருமுனையில் திரும்பும்போதே ஆரணி பஸ் கிளம்பிவிட்டது. விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் அப்பா தேடிக்கொண்டு வந்துவிடுவார். ஓடினோம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடினேன். பள்ளிக்கூட நாளில்கூட அப்படி ஓடியதில்லை. கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார்.

உட்கார்ந்தேன். உள்ளங்கை அரித்தது. அந்த அரிப்பு எனக்குத் தெரியும். "வனிதா, வந்துடுச்சி" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. அவள் கத்திய கத்தலில் டிரைவர் பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்குத் திருப்பிவிட்டார். அட்ரினலின் என்ற ஊசியைப் போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் இருந்த துணியை யாரோ உருவி எடுத்த மாதிரி மூச்சு வந்தது.

அப்பா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆரணி பஸ்ஸில் ஏறினதால்தான் வந்தது என்கிறார். இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏது பட்டு?

அங்கேயிருந்த டாக்டர் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அலர்ஜிக்கென்றே பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அப்பா கூட்டிப் போகிறார். அது வரைக்கும் தறியை இறக்காதீர்கள். என் மேல் ஆணை.

ஜெயப்ரியா


ஆரணி
12.10.1998

என் ஜெயா,

பெண்டாட்டி சாகக் கிடந்த சேதியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே புருஷன் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். முதலில் செய்யாருக்குக் கிளம்பி வாசல் வரை வந்துவிட்டேன். அங்கேயே நின்று கடிதத்தை மறுபடி படித்தேன். நைலக்ஸ் என்று எழுதியிருந்தாய். பஸ்ஸில் ஏது பட்டு என்று கேட்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், கடிதத்தை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் சிரித்தேன். அம்மா ஓடி வந்து, "இன்னாடா பேஜாரு, புத்தி கித்தி கலங்கிப் போச்சா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பட்டு இல்லை ஜெயா! வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். எதுவாக இருந்தாலும் அதை வீட்டை விட்டுத் துரத்திவிடலாம். நானும் பட்டும் மட்டும் உன் கூடவே இருந்துவிட்டுப் போகிறோம்.

ரைஸ் மில்லுக்கு ஆள் அனுப்பி, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேலூரில் என்ன கேட்டாலும் ஒன்று விடாமல் சொல். நான் தார் சங்கதி எழுதினேனே, அதையும் சொல். மாமா கூட இருப்பதால் நான் வரவில்லை. வந்தால் எனக்கும் அவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டி வரும்.

குமரேசன்


செய்யார்
28.10.1998

என்னங்க,

வேலூர் போய்வந்தோம். நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் அத்தை இருந்தால் அப்புறம் படியுங்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. வயது அதிகம் இல்லை. எல்லாரும் கேட்டதையே அவரும் கேட்டார். என்ன சாப்பிட்டாய், எதைத் தொட்டாய். நானும் பழைய பாட்டையே பாடினேன். பஸ் நாளைப் பற்றிச் சொல்லும்போது மீந்த சப்பாத்தி என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சாப்பிட்டுட்டு இன்னா பண்ணே?" என்று கேட்டார். இத்தனை பேரில் ஒருவர்கூட என்னை அதைக் கேட்டதில்லை. ஓடினேன் என்றேன். பாவு நாளில் என்றார். ஓடி ஓடி இழை முடிந்தோம் என்றேன். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் என்றார். உப்புமா என்றேன். இரவில் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு என்றார். தூங்கிவிடுவேன் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சிலருக்குக் கோதுமை மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதாம். ஓடினால் மட்டும் ஒன்றும் ஆகாதாம். கோதுமையைச் சாப்பிட்டு, அது வயிற்றில் இருக்கும்போதே உடம்பை அலட்டினால் இப்படி வருமாம். இரண்டும் சேர வேண்டும். என் முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கோதுமைச் சொட்டு இருந்த இடம் கொசு கடித்த மாதிரி எழும்பிச் சிவந்தது. பட்டுச் சொட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை முத்தமிட வேண்டும் போல இருந்தது. கையில் பட்டைக் கட்டிப் பார்க்க இருந்தேன் என்று சொன்னதற்கு டாக்டரம்மா நீங்கள் திட்டியதைவிட அதிகமாகத் திட்டினார்.

இனி அவர் சொன்னவை. கோதுமையை இப்போதைக்கு அறவே தொடக் கூடாது. அவரைக் கேட்காமல் வலி மாத்திரை எதுவும் போடக் கூடாது, சில மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடுமாம். தோல் மட்டும் தடித்தால் அது வேறு. தோல் தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ வாந்தியோ சேர்ந்தால் அது உயிருக்கு வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது வெற்றிலை மிளகும் உதவாது, அரிப்பு மாத்திரையும் உதவாது. அட்ரினலின் ஊசி ஒன்றுதான். சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. அதில் பாதியை எடுத்து, தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும், எழுந்து நிற்க விடக் கூடாது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், திரும்ப வரலாம். யோசித்துக்கொண்டு நிற்காமல் போட வேண்டும் என்று மூன்று நான்கு தடவை சொன்னார். யோசித்தவர்கள்தான் ஆளை இழந்திருக்கிறார்களாம். மருந்துக் குப்பியும் ஊசியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

அப்பா பட்டின் மேலிருந்த கோபத்தை விட்டுவிட்டார். பயத்தை விடவில்லை. "அந்த வூட்டுல திடீர்னு வந்தா ஊசி யாரு போடுவாங்க? மாப்பிள்ளை கம்பைப் புடிச்சிகினு நிப்பாரு" என்றார். நான் உங்களுக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. அவராகவே, தெருவில் நடந்ததை யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்.

அத்தையிடம் உப்புமாவைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். வெறும் வயிற்றோடு பாவைத் தொடக் கூடாது என்று எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தட்டு வைப்பார்கள். அன்றைக்கு இரண்டாவது தடவையும் வைத்து, ஓடுகிற பெண் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்றார்கள். அவர்களால் தாங்க முடியாது.

ஜெயப்ரியா


ஆரணி
6.12.1998

அன்புள்ள ஜெயா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் திட்டாதே. எழுதுகிற மாதிரி ஒரு சங்கதி கையில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? அடுத்த பாவுக்கும் அவள் அதே ரவையைத்தானே வறுப்பாள்? "இன்னாடா சொல்றே, நான் போட்ட உப்புமாவா?" என்று ஒரு தடவை கேட்டாள். ரவை டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து, காலி டப்பாவைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். நான் கையைப் பிடித்தேன். "எங்க மாமியா எனக்குப் பசின்னு தெரிஞ்சிகினே பாவுல எறக்குவாங்கடா. எம்மருமவளுக்கு அப்டி ஆவக் கூடாதுன்னுதான்டா வச்சேன்" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோதுதான்.

மாமா கேட்டது நியாயம்தான். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நியாயம். பின்தெருவில் இருக்கிற நர்ஸ் ஆரோக்கியசெல்வி அக்காவிடம் போய் ஊசி போடக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். தண்ணீரை ஏற்றிச் சாத்துக்குடியில் குத்திப் பழகச் சொன்னார். இரண்டாவது நாள் நான் கிளம்பும்போது அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஊசி என்றால் ஓடி ஒளிகிறவள் என்று உனக்குத் தெரியும். அம்மை ஊசி போட வந்தவர்களைக் கண்டு நெல் குதிருக்குள் போய் உட்கார்ந்தவள். உனக்கெதற்கு, நான்தான் கற்றுக்கொள்கிறேனே என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாவு அன்னிக்கி உங்கையில கம்பு இருக்கும்டா. எங்கை சும்மாத்தானே இருக்கு."

கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் கை நடுங்கி இரண்டு ஊசியை வளைத்தாள். செல்வி அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். குப்பியின் கழுத்தை உடைக்க, பாதி அளவு ஏற்ற, காற்றை வெளியேற்ற, எல்லாம் கற்றுக்கொண்டாள். இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறாள். நான் குப்பியை எடுப்பதற்குள் அவள் குத்தி முடித்து என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். வீடு முழுக்கச் சாத்துக்குடி. தெருவில் யார் வந்தாலும் ஜூஸ் கொடுக்கிறோம்.

மருந்தை வெயில் படாமல் வைக்கச் சின்னத் தகர டப்பா ஒன்று வாங்கினேன். வெட்டிப் போட்ட பாவில் கொஞ்சம் இழையை எடுத்துக் கயிறாகத் திரித்து அதில் கட்டியிருக்கிறேன். நீ கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். பாவு நாளில் அதை அம்மா மாட்டிக்கொள்வாளாம். ஏற்கனவே மாட்டிக்கொண்டுதான் கோலம் போடுகிறாள்.

பாவு நாளுக்கு இனி இட்லி. தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. தனகோடி அண்ணனுக்குத்தான் உப்புமா போச்சே என்று வருத்தம்.

அந்த மாம்பழ நிறப் புடவையை முடித்துவிட்டேன். கடைக்குக் கொடுக்கவில்லை. யாருக்கு என்று கேட்காதே. நீ எப்போது வருவாய் என்று நானும் கேட்கவில்லை. தறி சும்மா இருக்கிறது, அடுத்த பாவு விரிக்காமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

குமரேசன்


செய்யார்
8.1.1999

என்னங்க,

உங்கள் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். புருஷன் எழுதிய கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு அவராகவே உங்கள் தெருவில் இருக்கிற எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்து அத்தையைக் கூப்பிடச் சொன்னார். "சம்பந்தியம்மா, கை நடுங்காம போடுவீங்களா?" என்று கேட்டார். அத்தை சொன்ன பதில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இதுவரிக்கும் ஒரு சாத்துக்குடியும் சாவல சம்பந்தி." அப்பா சிரித்து எத்தனை மாதமாகிறது தெரியுமா? போனை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, ஜெயாவுக்குச் சீர் எடுத்து வை என்றார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் விழுந்தால் நீங்கள் கம்பை விட வேண்டாம். பாவை மிதித்துக்கொண்டும் வர வேண்டாம். அத்தை இருக்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அது எனக்குப் போதும். கொலுசில் இருந்த நூலைக் கழற்றச் சொன்னீர்களே, கழற்றவில்லை. இனிக் கழற்றவும் மாட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வருகிறேன். அப்பா கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். பஸ்ஸில் தனியாகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வனிதா வழியனுப்ப வருவாள், ஓடுவதற்கு இல்லை, சும்மா கையசைக்க. நீங்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அந்தப் புடவையைக் கொண்டுவர வேண்டாம், வீட்டில் வந்து கட்டிக்கொள்கிறேன்.

அன்று காலை இரண்டு இட்லி மட்டும்தான் சாப்பிடுவேன். கோதுமையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன். பஸ் நின்றதும் உங்களிடம் ஓடி வர வேண்டும் அல்லவா?

உங்கள் ஜெயா